நான் ஒருத்தி போதாதா?

கேள்வி: எனக்கு வயது 28. கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் வீடு. தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி நான்கு வருஷம், இரண்டு வயதில் பெண் குழந்தை. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம்தான், ஆனாலும் எங்களுக்குள் நல்ல ஒட்டுதல். போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ராத்திரி நான் பாத்திரம் கழுவிக் கொடுக்க, அவர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். தான் ஒரு பான்செக்ஷுவல் என்றும், கல்லூரியில் படித்தபோது ஒரு பையனை விரும்பியதாகவும், அது அப்போதே முடிந்துவிட்டது என்றும் சொன்னார். “மறைச்சு வச்சே பழகிட்டேன், இனிமே முடியல” என்றார். பேசி முடிக்கும்வரை ஒரே டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக, “என்னைப் பார்த்தா உனக்கு அருவருப்பா இருக்கா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் போய்க் குழந்தை பக்கத்தில் படுத்துவிட்டேன். நெட்டில் தேடினால் “எல்லோர்மீதும் ஈர்ப்பு” என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் நான் ஒருத்தி போதாதா? இது நோயா? திருநங்கைகள் மாதிரியா? சென்னையில் இதைச் சரிசெய்கிற இடம் இருக்கிறது என்கிறாள் என் தோழி, யார் விஷயம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்தாலே இப்போது வயிறு கலங்குகிறது. அம்மாவிடம் சொல்லலாமா? குழந்தைக்கும் இது வருமா?
பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் “நான் ஒருத்தி போதாதா” என்பதுதான் மற்ற எல்லாக் கேள்விகளையும் பெற்றெடுத்த கேள்வி என்று தோன்றுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘பான்’ என்பது கிரேக்கச் சொல். ‘எல்லாம்’ என்று பொருள். நீங்கள் நெட்டில் பார்த்த “எல்லோர்மீதும் ஈர்ப்பு” என்ற வரி, இந்தச் சொல்லை அப்படியே பிரித்துப் பொருள் சொன்னதால் வந்த கோளாறு. சரியாகச் சொன்னால், ஒருவர்மீது ஈர்ப்பு வருவதற்கு அவர் எந்தப் பாலினம் என்பது இவருக்கு ஒரு நிபந்தனையாக இருக்காது, அவ்வளவுதான். தமிழில் அனைத்துப்பாலீர்ப்பு என்று எழுதுகிறார்கள். எல்லாப் பாலினத்தாரும் என்பதற்கும் எல்லா மனிதர்களும் என்பதற்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்கிறது.

உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆண்கள்மீது ஈர்ப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் நீங்கள் ஏறும் புதுச்சேரி பஸ்ஸில் ஐம்பது ஆண்களாவது இருப்பார்கள். கன்னியக்கோயிலில் பத்துப் பேர் ஏறுவார்கள், கிருமாம்பாக்கத்தில் இன்னும் பத்துப் பேர். அரியாங்குப்பம் வந்து பஸ் நகராமல் நிற்கும்போது சுற்றிலும் ஆண்கள்தான். அவர்களில் யார்மீதாவது உங்களுக்கு ஈர்ப்பு வந்ததா? உங்கள் நினைப்பு ஆபீஸ் லேட்டாகிறதே என்பதில் இருந்திருக்கும். ஆண்கள்மீது ஈர்ப்பு வரும் ஒரு பெண்ணுக்கு எல்லா ஆண்கள்மீதும் ஆசை வருவதில்லை என்பது நமக்குச் சொல்லாமலே தெரிகிறது. உங்கள் கணவருக்கும் அதே கணக்குத்தான். அவருக்கு ஈர்ப்பு வரக்கூடிய வட்டம் பெரிது. அந்த வட்டத்துக்குள் யாரோடு வாழ்கிறார், யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது தனி விஷயம். ஒருவரோடு மட்டும் உண்மையாக வாழும் பான்செக்ஷுவல் மனிதர்கள் இருக்கிறார்கள். பெண்கள்மீது மட்டுமே ஈர்ப்பு கொண்டு, கட்டிய மனைவிக்குத் துரோகம் செய்யும் ஆண்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினரால் உடைந்துபோன குடும்பங்களைத்தான் என் ஆலோசனை அறையில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் நண்பர்கள் வந்தால் வயிறு கலங்குகிறது என்கிறீர்களே, அதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியில் பெண்களோடும் பழகிக்கொண்டுதான் இருந்திருப்பார். அதற்காக உங்களுக்கு வயிறு கலங்கியதில்லை. அவரைப் பற்றிய உங்கள் நம்பிக்கை அவர் நடத்தையைப் பார்த்து வந்தது. அந்த நடத்தையில் ஏதாவது மாறியிருந்தால் கேளுங்கள். மாறவில்லை என்றால், கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கும் பழைய நண்பர் பழைய நண்பர்தான்.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அவர், “நான் பான்செக்ஷுவல், அதனால் எனக்கு வெளியிலும் ஓர் உறவு வேண்டும்” என்று சொன்னால், அந்த ‘அதனால்’ தவறு. இரண்டுக்கும் முடிச்சுப் போட முடியாது. அப்படிக் கேட்டால் முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் அப்படிக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்களாக ராத்திரியில் விழித்துக் கிடந்து, அவர் கேட்காததைக் கேட்டதாக நினைத்து அழுதிருக்கிறீர்கள் என்று படுகிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு பயமும் இருக்கும். நான்கு வருஷமும் பொய்யா? ஊருக்காக என்னைக் கட்டிக்கொண்டாரா? ஆண்கள்மீது மட்டுமே ஈர்ப்புள்ள ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பெண்ணுக்குக் கட்டிவைப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. அதில் இரண்டு பேர் வாழ்க்கையும் வீணாகிறது. உங்கள் கணவர் சொல்வது அது இல்லை. பான்செக்ஷுவல் என்றால் பெண்கள்மீதும் அவருக்கு ஈர்ப்பு வரும் என்றுதான் அர்த்தம். உங்கள்மீது அவருக்கு இருப்பது நடிப்பு என்பதற்கு அந்தச் சொல் ஆதாரமாகாது. உங்களுக்குள் நல்ல ஒட்டுதல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அழிக்க வேண்டாம்.

இந்த ஈர்ப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குக் கற்பனை வராமல் இருக்கலாம். பெரும்பாலோருக்கு ஈர்ப்பு ஒரு வாசற்படியைத் தாண்டித்தான் உள்ளே வரும். எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதுதான் அந்தப் படி. அதைத் தாண்டிய பிறகுதான் குணம், குரல், சிரிப்பு, பேச்சு எல்லாம் கண்ணில் படும். பான்செக்ஷுவல் மனிதர்களில் பலர், எங்களுக்கு அந்தப் படியே இல்லை, நேராக ஆளைத்தான் பார்க்கிறோம் என்கிறார்கள். சிலர் பாலினத்தைக் கவனிக்கத்தான் செய்கிறோம், ஆனால் அது எதையும் முடிவு செய்வதில்லை என்கிறார்கள். இருபாலீர்ப்பு என்று இன்னொரு சொல்லையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது ஈர்ப்பு வருவதை அப்படிச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல எல்லை கிடையாது, இரண்டு சொல்லையும் தனக்குச் சேர்த்தே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. தனக்கு எது பொருந்துகிறது என்பதை அந்த ஆளே சொல்ல வேண்டும், அவர் சொல்லிவிட்டார்.

திருநங்கைகள் மாதிரியா என்று கேட்டீர்கள். கூவாகம் நமக்குப் பக்கம்தான். சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கைகள் வந்து கூடுவதைப் பார்த்தே நம் பகுதியில் பலர் வளர்ந்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, வழக்கத்துக்கு மாறாக எதைக் கேட்டாலும் அதோடு சேர்த்துவிடுகிறோம். திருநங்கை என்பது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது பற்றியது. அதைப் பாலின அடையாளம் என்போம். உங்கள் கணவர் சொன்னது, தனக்கு யார்மீது ஈர்ப்பு வரலாம் என்பது பற்றி. அதுதான் பாலீர்ப்பு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் தன்னை ஆணாகத்தான் உணர்கிறார்.

அடுத்தது நோயா என்ற கேள்வி. இது நோய் இல்லை. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை, அதாவது தன் பாலினத்தவர்மீதே வரும் ஈர்ப்பை, நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. இன்றைய பட்டியலில் எந்தப் பாலீர்ப்பும் நோயாக இல்லை. தன்பாலீர்ப்பு மனநோய் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் வெளிப்படையாகச் சொன்னது. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, கலாசார வழக்கங்களோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

உங்கள் தோழி சொன்ன இடத்துக்கு அவரைத் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை எதுவும் பலிக்காது. அதில் மிஞ்சுவது குற்ற உணர்ச்சியும் மனச்சோர்வும்தான், தற்கொலை எண்ணம்வரை போனவர்கள் உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இப்படி மாற்றும் முயற்சிகளுக்குத் தடை போட்டது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் கடலூரும் வருகிறது, புதுச்சேரியும் வருகிறது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் இந்தச் சிகிச்சையைச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே “சரிசெய்கிறேன்” என்று போர்டு வைத்திருப்பவர் மருத்துவத்துக்கும் வெளியே நிற்கிறார், சட்டத்துக்கும் வெளியே நிற்கிறார்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து, சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அந்த அவகாசம் தேவைப்பட்டது. பதினொரு நாளில் உங்களுக்கு எல்லாம் புரிந்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

நானும் அந்த வழியாக வந்தவள்தான். இருபது வருஷத்துக்கு முன்னால், இந்த வேலைக்கு வந்த புதிதில், ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். பெண்களைப் பிடிக்கும், ஆனால் ஆண்கள்மீதும் மனம் போகிறது என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். “கல்யாணம் ஆனா சரியாயிடும் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாசலில் அவர் செருப்பு மாட்டிக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். இன்னும் ஏதோ கேட்க நினைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் திரும்பி வரவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டு அவர் கல்யாணம் செய்துகொண்டிருந்தால், எங்கோ ஒரு பெண் உங்களைப் போலவே ராத்திரி விழித்துக் கிடந்திருப்பாள். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

கல்யாணத்துக்கு முன்பே ஏன் சொல்லவில்லை என்ற கோபம் உங்களுக்கு இருக்கும். அந்தக் கோபம் நியாயமானது. வாழ்க்கையைச் சேர்ந்து தொடங்கும் ஒருவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான் இது. “முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கணும், அது எனக்கு வலிக்குது” என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அவரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக உங்கள் வலியை மென்று முழுங்க வேண்டியதில்லை.

கூடவே அவர் வளர்ந்த காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். அவருக்கு உங்களைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும் என்று வைத்துக்கொண்டால், கல்லூரியில் படித்தது 2011, 2012ஐ ஒட்டி இருக்கும். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரின் தன்பால் உறவு குற்றம் இல்லை என்று சொன்னது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அன்றிலிருந்து, உச்ச நீதிமன்றமே அது குற்றம் இல்லை என்று சொன்ன 2018 செப்டம்பர் 6 வரை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டம் குற்றம் என்றது, சினிமா கேலி செய்தது, வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அப்படி வளர்ந்த ஒரு பையன், பெண் பார்க்க வந்த இடத்தில், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்லியிருப்பான்? சொல்லியிருக்க வேண்டும் என்பது வேறு. சொல்ல அவனுக்கு வாய் எழுந்திருக்குமா என்பது வேறு. இந்த வார்த்தையே அவருக்குச் சமீபத்தில்தான் கிடைத்திருக்கவும் கூடும். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ‘ஓ, நமக்கு ஒரு பெயர் இருக்கிறதா’ என்று நிம்மதியடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தைக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலீர்ப்புக்கு இன்னதுதான் காரணம் என்று ஒற்றைக் காரணம் கிடையாது. 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் மரபணுக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. தன்பால் உறவைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு எதுவும் இல்லை என்பதுதான் அதில் தெரிந்தது. அப்பா வளர்ப்பதாலோ, அப்பாவைப் பார்த்தோ இது ஒட்டிக்கொள்ளாது. உங்கள் மகள் வளர்ந்து எப்படி இருந்தாலும், உண்மையைச் சொல்லப் பயப்படாத ஒரு வீடு அவளுக்கு இருக்கும் என்றால் அது அவளுக்கு நல்லதுதான்.

அம்மாவிடம் சொல்வது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். இது அவருடைய விஷயம். அவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் சொன்னது திருப்பாதிரிப்புலியூர் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா உங்கள்மேல் உள்ள பாசத்தில் அண்ணனிடம் சொல்வார், அண்ணன் மாமாவிடம் சொல்வார், அப்புறம் பஞ்சாயத்து நடுக்கூடத்தில் நடக்கும். ஒரு தடவை வெளியே போன பேச்சைத் திரும்ப வாங்க முடியாது. அதே சமயம் இதை நீங்கள் மட்டும் தனியாகச் சுமப்பதும் சரியில்லை. யாராவது ஒருவரிடம் பேசியாக வேண்டும் போலிருந்தால், யாரிடம் என்று அவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். உடனே பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யலாம். அரசு நடத்துகிற மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சரி, இனி அவரோடு பேசுவது எப்படி? எதிரும் புதிருமாக உட்கார்ந்து விசாரணை மாதிரிப் பேசாதீர்கள். அவர் இதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த இடத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டு பேர் கையிலும் வேலை, பார்வை பாத்திரத்தில், முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வருஷக்கணக்கில் அடக்கி வைத்ததைச் சொல்ல அவருக்கு அந்த இடம்தான் தோதாக இருந்திருக்கிறது. உங்களுக்கும் அதுவே தோதாக இருக்கலாம். இல்லையென்றால் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இரண்டு பேரும் நடந்துகொண்டே பேசுங்கள்.

“கல்யாணத்துக்கப்புறம் வேற யார்கூடயாவது இருந்தியா?” என்று கேளுங்கள். நீங்கள் வாங்க போங்க என்று பேசுகிறவர் என்றால் அப்படியே கேளுங்கள், ஆனால் கட்டாயம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், அவருடைய போன் அடிக்கும்போதெல்லாம் அது உங்கள் மனசுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும். இருந்ததாகச் சொன்னால் அது துரோகம், அதைத் துரோகமாகவே பேச வேண்டும், பாலீர்ப்பைக் காட்டி மூடக்கூடாது. அப்போது இருவரும் அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவர் வேறு ஒரு பெண்ணிடம் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். இல்லை என்று சொன்னால், நான்கு வருஷமாக அவர் சொன்னதை எப்படி நம்பினீர்களோ அதே அளவுகோலில் இதையும் நம்பப் பாருங்கள். இந்தச் சொல்லைக் கேட்டதற்காகப் புது அளவுகோல் எடுக்க வேண்டாம்.

அப்புறம், “இதை ஏன் இப்போ சொன்னீங்க? என்கிட்டேர்ந்து என்ன வேணும்?” என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இதற்கு வரும் பதில் பெரும்பாலும் ரொம்பச் சின்னதாக இருக்கும். தெரிந்துகொண்டால் போதும் என்பார்கள். டிவியில் யாரையாவது கேலி செய்யும்போது நீ சேர்ந்து சிரிக்காமல் இருந்தால் போதும் என்று ஒருவர் தன் மனைவியிடம் என் எதிரிலேயே சொன்னார். அவர் மனைவி அதற்கு முன்னால் அரை மணி நேரம் விவாகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் பேசவில்லை, கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். எல்லாத் தம்பதிக்கும் அப்படித்தான் முடியும் என்று நான் உறுதி தரமாட்டேன். பேசிப் பார்த்துவிட்டு, என்னால் இதோடு வாழ முடியவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் உங்கள் உரிமைதான். ஆனால் அந்த முடிவை அவர் வாயால் கேட்டதை வைத்து எடுங்கள். நெட்டில் படித்ததை வைத்து எடுக்காதீர்கள்.

நீங்கள் புதுச்சேரிக்குத்தான் தினமும் வருகிறீர்கள். இருவரும் வர நினைத்தால் முதலில் உங்களோடு தனியாகவும், அவரோடு தனியாகவும் பேசிவிட்டு, அதன் பிறகு சேர்த்து உட்காரவைப்பது என் வழக்கம். அவர் வர விரும்பாவிட்டால் நீங்கள் மட்டும் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் இருந்த எல்லாக் கேள்வியும் நீங்கள் என்னிடம் கேட்டவை. ஒன்று மட்டும் அவர் உங்களிடம் கேட்டது. அருவருப்பாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அந்த டம்ளரை அடுக்கிவைத்தபின் அவர் பதினொரு நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பதில் ‘இல்லை’ என்றால் இன்று ராத்திரியே அதைச் சொல்லிவிடுங்கள். ‘தெரியல, எனக்குக் கொஞ்ச நாள் வேணும்’ என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். அதுவும் அவருக்குப் பதில்தான்.

அன்புடன்,
உங்கள் அக்கா
மனநல ஆலோசகர், புதுச்சேரி